அறிக்கையில் ஒரு பீர்க்கங்கொடி

1

இந்தக் கதை ஒரு பீர்க்கங்கொடியிலிருந்து வந்தது. விளாத்திகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகையில், மின்கம்பத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பியில் பீர்க்கு ஏறி மஞ்சளாய்ப் பூத்திருந்ததைப் பார்த்தேன். கரிசல் காட்டில் பந்தலுக்குக் கம்பு கிடைப்பது லேசில்லை. தரையிலிருந்து சாய்வாய் மேலேறும் ஒரு கம்பியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? விதையை ஊன்றிவிடுவாள். பஸ் போய்விட்டது. கொடி என்னோடு வந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு—'

வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அப்புறம் இப்படி: 'செத்துக் கிடந்த மாட்டை ஆறுமுகத்தாய் பார்த்தபோது—'

இதுவும் சரியில்லை. உயிரோடு மாட்டைக் காட்டாமல் செத்த மாட்டைக் காட்டினால் உங்களுக்கு எப்படி வலிக்கும்?

2

ஆகவே மாடு. சாம்பல் நிற மயிலைக் காளை. புதூருக்குத் தெற்கே ஒரு ஊரில் சங்கிலிப்பாண்டி என்ற சம்சாரியின், அதாவது விவசாயியின், மாடு. எதைக் கண்டாலும் கழுத்தைக் கொண்டுபோய் உரசும். கதவு, வண்டிச் சட்டம், வந்த விருந்தாளி, எதுவானாலும் சரி. சங்கிலிப்பாண்டியின் அண்ணன் மனைவி ஆறுமுகத்தாய். அவள் கணவர் கோவில்பட்டி மில்லில் வேலை. வாரம் ஒருநாள் வருவார். அவள் வீட்டுக் கொல்லையில்தான் அந்த ஸ்டே கம்பி. எழுபதுகளின் கடைசியில், பம்புசெட்டுக்கென்று அந்த ஊருக்கு லைன் வந்த மறுவருஷம், அவள் அதனடியில் பீர்க்கு ஊன்றினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அங்கேயே ஊற்றி வந்தாள். காய்த்த காயில் பாதி சங்கிலிப்பாண்டி வீட்டுக்குத்தான் போனது.

ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்டு வெறித்த காலையில் மயிலை வழக்கம்போலப் போய் ஸ்டே கம்பியில் கழுத்தை உரசியது. விழுந்தது. இழுக்கப் போன சங்கிலிப்பாண்டியைக் கரண்டு தூக்கி எறிந்தது.

(நான் எழுதிய பழைய படியில் அவனும் செத்துப்போனான். நான் கதை சொல்வது தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டும் பெண்களுக்கு. அவர்கள் கை பசையில் இருக்கும், காது என்னிடம் இருக்கும். அவர்களில் வெயிலம்மாள் என்பவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அவன எதுக்குக் கொல்லுதீய? மாடு போனது பத்தாதா?" பத்தும் தாயி. பிழைத்துக்கொண்டான். விரல்களில் மட்டும் கொஞ்ச நாள் பிடிமானம் இல்லை.)

3

ஊர் கூடியது. கட்டுப் போட்ட கையோடு சங்கிலிப்பாண்டி எழுந்து நின்றான். "மதினி தெனமும் ஊத்துன தண்ணியிலதான் கம்பி பிடி விட்டுப்போச்சு. எம் மாட்டக் கொன்னது அந்தக் கொடிதான்" என்றான்.

ஊர் தலையாட்டியது. ஆறுமுகத்தாயும் பழியை ஏற்றுக்கொண்டாள். ஏனென்றால் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கே கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு.* கூட்டத்தில் பழி ஏற்றவர் பிறத்தியார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். பழி பொய்யென்று தெரிந்தால், சொன்னவர் அதே கூட்டத்தில் தன் வீட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

பருத்திக்காட்டுக்குக் கூலிக்குப் போனால் எல்லோரும் ஒரே குடத்தில் மொண்டு குடிப்பார்கள். அவள் வெயிலில் தள்ளி நிற்பாள். நாளாக ஆக, தன் வீட்டுத் தண்ணீரே அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு மடக்கு உள்ளே போகும், மூன்றாவது நின்றுகொள்ளும். அவளை அரித்தது ஒரே கேள்விதான்: நானா கொன்றேன்? கொஞ்சம் பிசகியிருந்தால் கொழுந்தனையும் கொன்றிருப்பேனா?

* எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஊர் நான் கட்டியது. ஆனால் அப்படி ஒரு தாகத்தோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4

இனி வரவேண்டியவர் பூவனநாதன். அரசாங்க மின் ஆய்வாளர். மின்விபத்து நடந்த இடத்தைப் பார்த்து, காரணம் எழுதி மேலே அனுப்புகிறவர். இவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் தீரவேயில்லை. முதல் படியில் லஞ்சத்துக்குக் கைநீட்டுகிறவராக எழுதினேன். அது சுலபமாக இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை. அடுத்த படியில் தெய்வமாக்கினேன். 'அவர் கண்களில் கருணை—' சீ. இப்போது இருப்பவர் வயிற்றுவலிக்காரர். வந்ததும் மோர் கேட்டார்.

கம்பத்தின் அடியைத் தோண்டச் சொன்னார். அதோடு திரும்பிவிடவில்லை. சேறு ஒட்டிச் செருப்பு யானைக்கால் மாதிரி கனக்க, லைனோடு காட்டுக்குள் வெகுதூரம் நடந்து, ஆளரவமில்லாத இடத்துக் கம்பங்களையும் தோண்டிப் பார்த்தார். திரும்பி வந்தவரிடம் ஆறுமுகத்தாய் தானாகவே சொன்னாள், கொடி வைத்தது, தண்ணீர் ஊற்றியது எல்லாம். எழுதிக்கொண்டார்.

"எழுதி என்னய்யா செய்வீய?"

அரசாங்கத்துக்கு அனுப்புவோம், அங்கே கோப்பில் இருக்கும் என்றார்.

"எம்மேல பழி சொன்னது ஊரு கூடி. இல்லன்னு சொல்லுதது மட்டும் பீரோவுக்குள்ளயா? எம்மேல தப்பு இருக்குன்னாலும் ஊருல வச்சுச் சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

"அப்படி வாசிக்கிற வழக்கம் இல்லைம்மா."

"வழக்கம் இல்ல, சரி. கூடாதுன்னு இருக்கா?"

அவர் மீதி மோரைக் குடித்து முடித்தார். "கூடாதுன்னும் இல்லை" என்றார்.

5

தை பிறந்து பூவனநாதன் வந்தார். மேலே எழுதிக் கேட்டு, முடிவை மட்டும் ஊரில் படிக்க அனுமதி வாங்கியிருந்தார். பஞ்சாயத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக் வைத்திருந்தார்கள். ஊரே உட்கார்ந்திருந்தது. ஆறுமுகத்தாய் ஓரமாய் நின்றாள்.

"விபத்துக்கான காரணம் யாதெனில்" என்று அவர் தொடங்கவும் கரண்டு போய்விட்டது.

(இதை வேண்டுமென்று வைத்தேனா என்று கேட்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் இதற்குக் கற்பனை தேவையில்லை.)

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பூவனநாதனும் சிரித்துவிட்டார். மைக்கை ஒதுக்கிவிட்டு, தொண்டையைத் திறந்து படித்தார்:

"கரிசல் மண் மழையில் ஊறி உப்பி, வெயிலில் வெடிக்கக்கூடியது. கம்பங்களுக்குப் போதிய ஆழமோ அடியில் கல்லிட்ட கெட்டிப்போ இல்லை. ஆள் நடமாட்டமும் நீர் ஊற்றலும் இல்லாத இடத்துக் கம்பங்களும் அதேபோல் சாய்ந்துள்ளன. சாய்ந்த கம்பத்தில் மின்கம்பி ஸ்டே கம்பியைத் தொட்டுள்ளது. ஸ்டே கம்பியின் நடுவில் இருக்க வேண்டிய மின்தடுப்புப் பீங்கான் பொருத்தப்படாததால் மின்சாரம் கீழே இறங்கியுள்ளது. இது கம்பம் நட்ட ஒப்பந்தக்காரரின் குறை. ஸ்டே கம்பியில் கொடி ஏற்றியது தவறு; இனி யாரும் ஏற்றக் கூடாது. ஆனால் விபத்துக்கு அது காரணமல்ல."

கொடி தவறு என்ற வாக்கியத்தை நான் ஒருமுறை அடித்துவிட்டேன். பாவம், அவளை முழுசாய்க் கழுவி விடலாமே என்று. அடித்த பிறகு மீதியும் நம்பும்படி இல்லாமல் போனது. அந்தச் சின்னத் தவற்றையும் மறைக்காமல் சொன்னதால்தான் 'காரணமல்ல' என்பதை ஊர் நம்பியது. அவளும் நம்பினாள். அவள் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் அங்கேயே, மண்ணில், உட்கார்ந்துவிட்டாள்.

6

சங்கிலிப்பாண்டி எழுந்து வீட்டுக்குப் போனான். கோபத்தில் போகிறான் என்று சிலர் நினைத்தார்கள். (நானும் ஒரு படியில் அப்படி எழுதிப் பார்த்தேன்.) செம்போடு வந்தான். விரல்கள் இன்னும் சரியாய் மடங்காததால் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான், வழியெல்லாம் சிந்தியது.

"மதினி, குடிங்க" என்றான். "கொடிய வேற எடத்துல போடுங்க. எங்க வீட்டுலயும் கொழம்புக்குக் காய் இல்லாமக் கெடக்குது."

7

முடிவுக்கு மூன்று படிகள் எழுதினேன். ஒன்றில் அவள் குடிக்கிறாள். ஒன்றில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை மாசமும் கேட்க முடியாததையெல்லாம் அவனிடம் கேட்டுவிட்டு, அப்புறம்—

இன்னொன்றில் புதுசாய் ஊன்றப்போகும் விதைக்கென்று அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். மூன்றையும் சொல்லிக்காட்டினேன். வெயிலம்மாள் பசைக் கையோடு என்னை முறைத்தாள். "அவளுக்குத் தாகமா இருக்காதா? அதச் சொல்லுங்க மொதல்ல."

இருக்கிறது. அதை மட்டும் உறுதியாய் எழுதிவிடுகிறேன். ஆறுமுகத்தாய்க்குத் தாகம் எடுக்கிறது, அந்த ஐப்பசி மழைக்கு முந்திய பழைய தாகம். செம்பு அவள் கைக்கு வந்துவிட்டது. மீதியை உங்களிடம் விடுகிறேன். எப்படி முடித்தாலும் சரி, அவளை அவசரப்படுத்தாதீர்கள். புரையேறிவிடும்.