மஞ்சள் பூதத்தின் இடுப்பு

அந்த வீட்டுப் பெரிய மருமகளுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு ஸ்கூல் பையின் ஜிப்பில் தொங்குகிற உல்லன் பந்து.

அட்டையில் உல்லன் நூலை நூற்றைம்பது சுற்றுச் சுற்றி, அந்த நூல்கட்டின் நடு இடுப்பில் இறுக்கிக் கட்டி, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டால் பொசுபொசுவென்று ஒரு பந்து கிடைக்கும். கடையில் அதற்குப் பாம்பாம் என்று பெயர். இந்த வீட்டில் பொசு. அதற்குக் காது ஒட்டி, மணிக்கண் வைத்து, தினம் ஒரு பிராணியாக்கி மகளின் பையில் மாட்டி அனுப்புவதென்று பெரியவள் ஆரம்பித்து எண்பது நாள் தாண்டிவிட்டது. காய்ச்சலில் கிடந்த அன்றுகூட போர்வைக்குள் உட்கார்ந்தபடி ஒரு முயலை முடித்தாள். மகளுக்கு ஆறு வயது, வீட்டில் வாண்டு என்று பெயர். வேலைக்குப் போகிறவளால் நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்க முடியுமா? தன் கையால் செய்த முயலாவது கூட இருக்கட்டுமே என்றுதான் இத்தனை பாடும்.

வேலை பார்சல் ஆபீசில். காலையிலிருந்து மாலை வரை பெட்டிகளுக்குக் கயிறு கட்ட வேண்டும். அவள் கட்டிய பெட்டி லாரியிலிருந்து விழுந்தாலும் வாய் பிளக்காது. பொசுவிலும் அதே சுத்தம்தான். கத்தரியால் உருட்டி உருட்டி வெட்டி, ஒரு இழைகூடத் தூக்கி நிற்காமல் எலுமிச்சம்பழம் மாதிரி ஆக்கிவிடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்னவள் வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, தானும் ஒன்று செய்கிறேன் என்று அட்டையைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கண்ராவியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் புதர். ஒரு கண் நெற்றியில், இன்னொன்று காதுக்குப் பக்கத்தில். இது என்ன பிராணி என்று வாண்டு கேட்டதற்கு, அதுக்கே இன்னும் தெரியாதாம், யோசிச்சு நாளைக்குச் சொல்லுதாம் என்றாள் சின்னவள். வாண்டு சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள்.

மறுநாள் பையில் அதுதான் தொங்கியது. அதற்கப்புறம் தினமும் சித்தி செய்ததுதான். இரண்டு நாளில் நூல் சிந்திச் சின்னாபின்னமாகும், உடனே அடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அம்மா செய்ததெல்லாம் அலமாரிக்குப் போயிற்று. ரொம்ப அழகா இருக்கு, அழுக்காயிடும் என்று காரணம் வேறு. அழகாம், அலமாரியாம்! சின்னவ வந்ததுலேருந்து வீடே கலகலன்னு இருக்கு என்று வீட்டுக்காரர் ஒருநாள் வாயை விட்டார். அன்றைக்கு அவருக்கு டீ ஆறித்தான் வந்தது.

பெரியவள் இதைப் பொறாமை என்று ஒப்புக்கொள்வாளா? குழந்தைக்கு ஒழுங்கு பழக வேண்டாமா, நேற்று வந்தவளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா என்று அதற்கு வேறு வேறு பெயராக வைத்துப் பார்த்தாள். எந்தப் பெயரிலும் எரிச்சல் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கூலில் ஆளுக்கொரு பொருள் கொண்டுபோய் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். அதற்காகவே பெரியவள் இரண்டு மாலை உட்கார்ந்து ஒரு பென்குயின் செய்தாள். வாண்டு அதை வாங்கினாள், முத்தம் கொடுத்தாள், அலமாரியில் வைத்தாள். பிறகு சித்தியிடம் போய் ஒரு பூதம் கேட்டாள்.

சின்னவள் மஞ்சள் நூலைக் கொழுக்கக் கொழுக்கச் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே பெரியவளிடம்தான் வந்தாள். வாண்டும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அக்கா, இடுப்பு மட்டும் நீங்க கட்டிக் குடுங்க. நான் கட்டினா நிக்கவே மாட்டேங்குது."

மற்ற நாளாக இருந்தால் தையல் நூலை இரட்டையாக எடுத்து, இரண்டு முறுக்குப் போட்டு, உள்ளங்கை சிவக்கப் பல்லைக் கடித்து இழுத்து, திருப்பிப் பின்பக்கமும் ஒரு முடிச்சுப் போடுவாள். அன்றைக்கு ஒற்றை நூல், ஒரே முறுக்கு. முடிச்சின் மேல் விரல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் சின்னவள். அந்த விரல் நோகாத அளவுக்குத்தான் பெரியவள் இழுத்தாள். மேலே பேருக்கு இன்னொரு முடிச்சு. சின்னவள் விரலை எடுத்துவிட்டு அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கத்தரியை எடுத்தாள். ஓரம் வெட்டி உதறியதும் முடிச்சு நூலுக்குள் மறைந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை ஆபீசில் அவளுக்குக் கை ஓடவில்லை. மூன்று பெட்டிகளில் விலாசத்தை மாற்றி ஒட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பூதம் வழியிலேயே கொட்டும், குழந்தை அழும், அப்புறம் அம்மா செய்ததுதான் நிற்கும் என்று அதற்குப் புத்தி வரும். அழுகையை நினைத்தபோது மட்டும் நெஞ்சு கொஞ்சம் இடித்தது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், வாண்டு சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டப்பா நிறைய மஞ்சள் நூல், நடுவே இரண்டு மணிக்கண்கள். அழுது முடித்திருந்தாள். பொய் சொல்வானேன், பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் தலைதூக்கத்தான் செய்தது. சித்தி செய்தது பிய்ந்துபோயிற்றா என்று தலையைத் தடவியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி சுத்தினது, எங்கம்மா கட்டினதுன்னு சொன்னேம்மா," என்றாள் வாண்டு. "எங்கம்மா கட்டினா யாராலயும் அவுக்க முடியாது, வேணும்னா இழுத்துப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் குடுத்தேன்."

மூன்றாவது பெஞ்சுக்குப் போவதற்குள் பூதம் மொத்தமும் கொட்டிவிட்டதாம். வகுப்பே சிரித்ததாம்.

பெரியவள் குழந்தையின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சின்னவள் அவசரமாகக் குறுக்கே வந்து, தப்பு தன்னுடையதுதான், தன் விரல் வழுக்கியதால்தான் முடிச்சு தளர்ந்தது என்றாள். சொல்லும்போது பெரியவளைப் பார்க்கவே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வாண்டு சித்தி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இறுக்க மறந்துட்டியாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னவளும் தலையாட்டிவிடுவாள், குழந்தையும் நம்பிவிடும். பெரியவள் டப்பாவிலிருந்து ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"இல்லடா கண்ணு," என்றாள். "மறக்கல."