ஒரு விரல் இடம்

"கெட்டியா இழுத்துக் கட்டாதடி. கொடிக்கும் கம்புக்கும் நடுவுல ஒரு விரலு போற எடம் இருக்கணும்" என்று சணலை மகள் கையில் திணித்துவிட்டு, கொளஞ்சியம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

கனகா புடலைப் பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள். ராத்திரி அடித்த புரட்டாசி மழையில் அடிக்கொடி கம்பை விட்டுச் சரிந்து கிடந்தது. நிமிர்த்திக் கட்டினால் தீர்ந்தது, ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் இன்றைக்கு அவள் வீட்டுக்குத் தூரமாகி இரண்டாம் நாள். தூரமானவள் தொட்டால் கொடி கருகிவிடும் என்பார்கள். பிஞ்சை நோக்கி விரல் நீட்டினாலே அழுகிவிடும் என்று, மடக்கின விரலால் காட்டுகிற வீடு அது. தொட மாட்டேன் என்றால் அம்மா ஏன் என்று கேட்பாள். தொட்டால் கொடியே சொல்லிவிடும்.

அவள் வயசுக்கு வந்து மூன்று மாசமாகிறது. யாருக்கும் தெரியாது. ஆற்றுக்குக் குளிக்கப் போகிற சாக்கில் துணியை அலசி, வேலிக்குப் பின்னால் காயப்போட்டு, காய்வதற்குள் எவளாவது வந்துவிடுவாளோ என்று குத்துக்காலிட்டுக் காவல் இருப்பாள். ஒரு கிளாஸ் மேலே படித்த பெரியம்மாள் தை மாசம் வயசுக்கு வந்து உட்கார்ந்தாள். அதோடு ஸ்கூல் நின்றது. வைகாசியில் தாலி ஏறி நல்லூர் போய்விட்டாள். அவள் புஸ்தகங்கள்தான் இப்போது கனகாவின் பையில் இருக்கின்றன. இன்னும் இரண்டு வருஷம் தள்ளினால் பதினொன்றாவது முடியும். அப்புறம் டீச்சர் ட்ரெயினிங்.

இந்தப் பந்தலைப் போட்டதே கோவிந்தராசு மாமாதான். அம்மாவுக்குத் தம்பி, வேப்பூரில் லாரி ஷெட்டில் வேலை. கனகா அவருக்குத்தான் என்று தொட்டிலிலேயே பேசி முடித்தது. நாலு மூலைக்கும் கம்பு நட்டு, மேலே குறுக்கும் நெடுக்கும் கட்டி முடித்தவர் கையைத் தட்டிக்கொண்டு, "இது பொடலைக்கு. அடுத்து யாருக்குக் கட்டப்போறன்னு கேளுங்க யக்கா" என்றார். பெண் உட்கார்ந்தால் தாய்மாமன்தான் பச்சை ஓலையில் குடிசை கட்டி உள்ளே உட்கார வைக்க வேண்டும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கனகா அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

"இன்னமுமா கட்டுற? தாலியா கட்டுற?" என்று அம்மா கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தாள்.

கனகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாள். ஒரே தடவைதான் தொட வேண்டும், அவிழ்ந்துவிட்டது என்று இன்னொரு தடவை தொடும்படி ஆகக்கூடாது. கொடியை நிமிர்த்தி, சணலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டாள். மேலே இரண்டு புடலைகள் தொங்கின. வளையாமல் நீளுவதற்காக மற்றவர்கள் நுனியில் கல் கட்டுவார்கள். இவர்கள் வீட்டில் பீங்கான். அப்பாவுக்குச் செராமிக் கம்பெனியில் சூளை வேலை, விரிசல் விட்டதென்று கழித்த பியூஸ் கட்டைகளைக் கொண்டுவருவார். வெள்ளை வெளேரென்று அவை அவள் தலைக்கு மேலே ஆடின.

மறுநாள் காலையில் இலைகள் துவண்டன. அதற்கும் அடுத்த நாள் பந்தல் முழுக்க வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு அம்மா பந்தலடியில் நின்று மேலே பார்த்தாள். பிறகு திரும்பிக் கனகாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு தொட்டா இத?"

கனகா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "எம்மா... மாமாகிட்ட மட்டும் சொல்லாதம்மா."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

அம்மாவின் கை ஓங்கியது. கனகா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தெருப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரிச்ச எப்ப?"

"பங்குனியில."

அம்மா விரல்களை மடக்கி மாசங்களை எண்ணினாள். அரிவாளை எடுத்துக் கம்போடு இருந்த முடிச்சை அறுத்தாள். முடிச்சுக்கு மேலே கொடியை வெட்டிவிட்டு, அடிக்கொடியை இரண்டு கையாலும் பிடித்து வேரோடு பிடுங்கினாள். "நான் ஒக்காந்தப்ப எனக்குப் பதிமூணு" என்றாள் கொடியிடம் சொல்வதுபோல. "கேட்டா பெருச்சாளி வேரக் கடிச்சிடுச்சுன்னு சொல்லு. நானும் அதான் சொல்லுவேன். தெரியுதா?"

பிடுங்கின அடிக்கொடி கனகாவின் காலடியில் வந்து விழுந்தது. சணல் இன்னும் அதைச் சுற்றியே இருந்தது. சுற்றின இடத்தில் தோல் நசுங்கி, நார் தெரிய உள்ளே வெட்டியிருந்தது. விரல் இல்லை, ஊசி நுழையவும் இடமில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீட்டு இல்லம்மா, முடிச்சு என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும்தான் கொட்டியாயிற்றே.

அம்மா அதைச் சுருட்டி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். ஈரக்கொடி எரியாமல் வெகுநேரம் புகைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேப்பூர் பஸ்ஸில் மாமா வந்தார். கையில் பக்கோடாப் பொட்டலம். பந்தலைப் பார்த்ததும், "என்னாக்கா இது, சுடுகாடு கணக்கா கெடக்குது?" என்றார்.

"பெருச்சாளி" என்றாள் அம்மா. கனகாவும் "பெருச்சாளி மாமா" என்றாள்.

மாமா குனிந்து வேர் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். பெருச்சாளி வளை எதுவும் இல்லை. கேட்டுவிடுவார் என்று கனகா காத்திருந்தாள். அவர் எழுந்து மூலைக்கம்பைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"கொடி போனா போவுது. கம்பு நல்லாத்தான் நிக்குது. பிரிச்சிடாதீங்க யக்கா" என்றவர், பொட்டலத்தைக் கனகாவிடம் நீட்டினார். "அப்பறம் ஓலை மட்டும் வெட்டிக்கினு வந்தா போதும்."

அம்மா டீ போட உள்ளே போனாள். கனகா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். எண்ணெய் ஊறி உள்ளங்கையில் ஒட்டியது. காற்று அடித்தது. காய்ந்த கொடியில் சுருங்கித் தொங்கின இரண்டு புடலைகளின் நுனியிலும் வெள்ளைப் பீங்கான்கள் அந்தப் பக்கம் சுற்றி, நின்று, மறுபடி இந்தப் பக்கம் சுற்றத் தொடங்கின.