இருநூற்றுப் பதினோரு கைகள்

சங்கமித்ராவுக்கு ஒரு விதியின் மேல் அபார நம்பிக்கை இருந்தது. கையை எண்ணாதே, தட்டை எண்ணு. நொறுங்கு நட்சத்திரம் என்கிற கடல் உயிரை எண்ணுகிறவர்களுக்கெல்லாம் அதுதான் விதி. பட்டாணி அளவில் ஒரு தட்டு, அதிலேயே வாயும் வயிறும். சுற்றிலும் நெளியும் ஐந்து கைகள். தொட்டால் கை முறியும், பிறகு முளைக்கும். முறிந்த கைகளை எண்ணினால் ஒரு பிராணி ஐந்தாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி எண்ணித் தொலைத்து, மேலதிகாரி ராசையாவிடம் எல்லார் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். வியாசர்பாடியிலிருந்து முட்டிமோதிப் படித்து வந்த பெண், இரண்டாம் முறை திட்டு வாங்குவாளா?

எண்ணூர்க் கடலடி மண்ணை அள்ளி, அதில் என்ன வாழ்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் கம்பெனியின் வேலை. ஒரு தனியார் படகுத்துறையை ஆழப்படுத்தும்போது தோண்டுகிற சேற்றை எங்கே கொட்டலாம் என்பது கேள்வி. தை மாதக் காலையில், காத்திவாக்கத்துச் சவரிநாதனின் ஃபைபர் படகில் போனாள். கயிற்றில் இறக்கிய இரும்புக் கவ்வி நாலு விரல் ஆழத்து மண்ணோடு மேலே வந்தது. சல்லடையில் அலசினால் கைகள், கைகள், வெறும் கைகள். இருநூற்றுப் பதினொன்று. தட்டு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதுதான் கொடுமை. இந்த இனம் உடம்பைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு, கைகளை மட்டும் தண்ணீரில் நீட்டி இரை பிடிக்கும். நண்டும் மீனும் அந்தக் கைகளைக் கடித்துத் தின்னும். அதுவும் சலிக்காமல் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

அவள் எழுதுவதைச் சவரிநாதன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, முட்டை போட்டுக்கீற? அடியில முழுக்க இதான் கீது. இத்தத் துன்னத்தான் நண்டே இங்க வருது. எங்க வலையே இந்த எடத்த நம்பித்தான் கீது."

"தட்டு இருந்தாத்தான் எண்ணணும்ணா. அடுத்த வாட்டி நீளக் குழாய் எட்த்தாந்து ஆழமா எடுத்து எழுதிடறேன்."

படிவத்தில் குறிப்புக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. கைகள் ஏராளம், உடல்கள் ஆழத்தில். நாலே சொல். அரைகுறையாக எழுதினால் ராசையா என்ன சொல்வாரோ என்று காலியாக விட்டாள், பாவி.

சவரிநாதன் அவள் கைபேசியின் முகப்புப் படத்தைப் பார்த்து, "இன்னாது, கோலமா?" என்றார்.

"பாறைண்ணா. இதே ஜீவன்தான், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கல்லாயிடுச்சு. செத்தா கொஞ்ச நாள்ல உதிர்ந்துபோறது, பாருங்க, எப்படி முழுசா நிக்குது!"

திடீரென்று சேறு விழுந்து உயிரோடு மூடினால்தான் இப்படி முழுசாக நிற்கும். நேர்முகத் தேர்வில் அவளே ஒப்பித்த பதில் அது. ஒப்பித்ததோடு சரி. அழகான படம் என்றுதான் வைத்திருந்தாள்.

அடுத்த வாட்டிக்கு யாரும் காத்திருக்கவில்லை. அவள் போட்ட முட்டை, அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க உயிர்கள் இல்லாத இடம்' என்று ஆகியிருந்தது. பதறிப்போய் ராசையாவிடம் ஓடி, கைகளைப் பற்றிச் சொன்னாள்.

"நீ எழுதினியாம்மா? நீ எழுதாதத நான் எங்கருந்து சேக்குறது?"

நியாயமான கேள்வி. ஆனியில் சேற்றுக் கப்பல் வந்து, அந்த இடத்தில் நின்று, அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டுப் போனது.

நான்காம் நாள் மறு ஆய்வு. அதே படகு. சவரிநாதன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை கேட்காமலே நீளக் குழாய் கொடுத்திருந்தார்கள். இருவருமாக இழுத்துப்போட்டு, குழாயை நெடுக்காகத் திறந்தார்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்குத் துறையின் கன்னங்கரிய சேறு. கீழே பழைய சாம்பல் மண். அதிலிருந்து வெளியேறி, கருஞ்சேற்றுக்குள் பாதி ஏறி நின்றன நட்சத்திரங்கள். ஒரு கைகூட முறியவில்லை. எல்லாக் கைகளும் மேல்நோக்கி இருந்தன.

அவள் கைபேசியில் இருந்த அதே படம். அழகு என்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

பதினேழு தட்டுகள். ஒவ்வொன்றையும் கடல்நீரில் இட்டு ஊசியால் தொட்டாள். ஏதாவது ஒன்று நெளியாதா என்று வெகுநேரம் பார்த்தாள். சவரிநாதனும் குனிந்து பார்த்தார்.

"இப்போ தட்டு கீதுல்ல? எழ்து பாப்பா."

"உயிரோட இருக்கறதத்தான் எண்ணணும்ணா."

சவரிநாதன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கி உசுரோடதான் இருந்துச்சு" என்றார்.

குறிப்புக் கட்டம் நிரம்பி வழிய எழுதினாள், பின்பக்கமும் எழுதினாள். எண்ணிக்கைக் கட்டத்தில் மட்டும், விதிப்படி, மறுபடியும் முட்டை போட்டாள்.