மூன்றாம் மாடித் தலையணை உறை

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவேன். வருவது நான்தானா, இயந்திரம் பிழிந்து தள்ளிய போர்வையா என்று சில நாள் எனக்கே சந்தேகமாக இருக்கும். வீட்டுக்கு வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு காலை நீட்டினால் போதும் என்றிருப்பவன் நான். அப்படிப்பட்டவனைத்தான் என் மனைவி சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டடத்தில் ஐந்து மாடி, நாற்பத்து மூன்று குடித்தனம். மொழி எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவோம், அத்தோடு சரி. இதை மாற்றுகிறேன் என்று கலை மையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கலை மேடம். ஒவ்வொரு வீடும் புழங்கின துணி ஒன்று தர வேண்டும். அது என்ன ஏது என்று அவரவர் மொழியில் ஒரு சீட்டில் எழுதி அதோடு குத்த வேண்டும். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அவற்றை ஒரே திரைச்சீலையாகத் தைத்து, கீழ்த்தளத்தின் நீளச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, தெருவையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கையில் ஊசியும் நூலும் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர் கணக்கு.

முதல் இரண்டு சனிக்கிழமையும் எந்த வாயும் திறக்கவில்லை. மொழிக்கு ஒரு மூலையாக உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் சலவைக்கூடத்தில் ரகம் பிரித்து நிறுத்திய துணி வண்டிகள் மாதிரி. என் மனைவி மட்டும் ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று மூலை மூலையாக எழுந்து போனாள். பாஷை தெரியாமல் எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"பாஷை தெரியலன்னா என்னங்க, கண்ணு தெரியாதவங்க எல்லா பாஷையிலயும் இருக்காங்க" என்றாள்.

நான் சுவரோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துத் தூங்கினேன். நல்ல நாற்காலி, கை வைத்தது.

மூன்றாம் மாடி அக்காவும் வந்து உட்கார்ந்திருப்பார். பேருந்துப் பணிமனையில் வண்டிகளைக் கழுவுகிற வேலை அவருக்கு. எட்டு மாதம் முன்பு அவர் வீட்டுக்காரர் இறந்து, நாலு பேர் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அவர் மொழி பேசுகிற ஒரே ஆள் தெருமுனை ரொட்டிக்கடைக்காரன். அவன் ரொட்டி விற்றே எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டவன்.

என் வேலை என்ன என்று கலை மேடத்துக்குத் தெரிய வந்ததும் என் தூக்கம் போயிற்று. வந்து சேர்ந்த துணி எல்லாம் தூசியாக இருக்கிறது, தைக்கிறதுக்கு முன்னால் ஒரு அலசு அலசி இஸ்திரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி முடியும் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை மூட்டையோடு வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் பிரித்துப் பார்த்துவிட்டு யார் துணி என்று கேட்டார். நாற்பத்து மூன்று வீட்டுத் துணி என்றேன்.

"உனக்கு இத்தனை குடும்பம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். ஆனாலும் வேலை முடிந்தபின் மூலையிலிருந்த சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணி யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டால் வேலை ஓடாது. புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தப் போர்வையில் இவ்வளவு ரத்தமே, அந்த ஆள் பிழைத்தாரா என்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. நின்றவர்கள் கறையை மட்டும் பார்ப்போம். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், எண்ணெய் என்றால் சுடுதண்ணீர், மருந்து என்றால் முகர்ந்து பார்த்து முடிவு. போயிற்றா, அடுத்தது.

மூட்டையில் மற்றதெல்லாம் சுலபம். மேசைத் துணி, குழந்தைச் சட்டை, ஒரு ஜன்னல் திரை. ஒரு தலையணை உறை மட்டும் என்னை நிறுத்தியது. நடுவில் தலை அளவுக்கு மஞ்சள் வட்டம். தலை எண்ணெயும் வியர்வையும் வருடக்கணக்கில் சேர்ந்து இறுகினது. அதில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத எழுத்து. எனக்கு நம் எழுத்தே நாற்பது வயதுக்கு மேல்தான் பிடிபட்டது. சீட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உறையைச் சுடுதண்ணீர்க் கரைசலில் போட்டேன்.

போகவில்லை. கரைசலைக் கூட்டி மறுபடி ஊற வைத்தேன். ஓரம் மட்டும் வெளுத்தது. இடுப்பு விட்டுப்போகிற வலி, வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கறை என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை தூரிகையால் தேய்த்தேன். நாலாவது தடவை, நான் யாருக்கும் சொல்லித் தராத ஒரு கலவையில் போட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்து உதறினால் கடையில் வாங்கின மாதிரி இருந்தது. இஸ்திரி போட்டு, மடித்து, சீட்டை அதே இடத்தில் குத்தினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை துணிகளை மேசைமேல் அடுக்கி வைத்தேன். எல்லாரும் வந்து தங்கள் துணியை எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். முதல் தடவையாக ஒரு மூலைக்காரர்கள் இன்னொரு மூலைக்காரர்களின் துணியையும் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் மாடி அக்கா மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டி, தன்னுடையது கிடைக்காமல், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, எழுந்து போய் உறையை உருவி, இரண்டு கையாலும் நீட்டினேன். பல்லைக் காட்டி வேறு சிரித்தேன்.

அவர் வாங்கி, திருப்பி, மூலைத் தையலைப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனைதான் அடித்திருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார். உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

யாரோ போய்க் கூட்டிவர, ரொட்டிக்கடைக்காரன் வந்து சீட்டைப் படித்தான். என்னடா எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"இது என் வீட்டுக்காரர் தலை வச்ச இடம். இன்னும் துவைக்கல. அப்படின்னு எழுதிருக்காங்க அண்ணே."

கலை மேடம் பதறிப்போனார். தான்தான் அலசச் சொன்னேன், தப்பு தன்மேலும் இருக்கிறது என்றார். அப்புறம், எப்படியாவது சரிக்கட்ட வேண்டுமே என்ற தவிப்பில், வெள்ளைத் துணியின் நடுவில் அழகாக ஒரு பூ தைத்துவிடலாமே என்றார்.

"அங்க இருந்தது தலை மேடம். பூ இல்ல" என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, போய் வாயால் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். நாளைக்குப் போகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தேன். தூக்கமும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தலையணை உறை என் கை வழியாகப் போயிருக்கும் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. வேண்டாம் என்று புரண்டு படுத்தேன். அந்தப் பக்கமும் அதே எண்ணிக்கைதான். போகாமல் இருந்துவிடலாம், மறுபடி படிக்கட்டில் வழிவிட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அவர் என் கைகளைப் பார்த்த பார்வை இருந்ததே, அதை வைத்துக்கொண்டு எப்படித் துணியைத் தொடுவது.

திங்கள் மதியம், வேலை விட்டதும் ரொட்டிக்கடைக்காரனைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். ஒற்றை அறை. துவைத்த வேலைச் சீருடை ஜன்னலில் காய்ந்தது. கட்டிலில் இரண்டு தலையணை, ஒன்றுக்கு உறை இல்லை. அக்கா எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மடித்த உறையைக் கட்டிலில் வைத்தேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. கேட்டிருக்கணும். கேக்கல" என்றேன்.

ரொட்டிக்கடைக்காரன் அதை அவர் மொழியில் சொன்னான். அக்கா எதையோ கேட்டார்.

"எப்படி எடுத்தீங்கன்னு கேக்குறாங்க."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொண்டு இறங்கலாம் என்றுதான் போனேன். தண்ணீர் எவ்வளவு சூடு, கரைசல் என்ன, தூரிகை எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெருமையாக நினைத்த வேலை, வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நாக்கில் ஒட்டியது. முதல் தடவை போகவில்லை என்றேன். இரண்டாவது தடவையும் போகவில்லை. மூன்றாவதும் இல்லை. நாலாவது தடவைதான்.

ரொட்டிக்கடைக்காரன் நாலு விரலைக் காட்டினான். அக்கா அந்த விரல்களையே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல எனக்குத் துணிச்சலில்லை. அவனிடம் ஏதோ சொன்னார்.

"அந்த மனுஷன் அப்படித்தானாம் அண்ணே. காலைல தலையணைய விட்டு எந்திரிக்கவே மாட்டாராம். இவங்க நாலு தடவை கூப்பிடணுமாம்."

அக்கா உறையை எடுத்து ரொட்டிக்கடைக்காரன் கையில் கொடுத்து நிறையப் பேசினார். அதைத் திரையில் தைக்க வேண்டுமாம். பூ எதுவும் கூடாதாம். சீட்டு மாறாமல் இருக்க வேண்டுமாம். வெறும் வெள்ளைத் துணியில் அப்படி ஒரு சீட்டு இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்றேன்.

"கேட்டா நீங்கதான் பதில் சொல்லணுமாம்."

திரை தொங்கிய ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. நான் காலையிலிருந்து அந்த உறைக்குப் பக்கத்தில் நின்றேன், ரொட்டிக்கடைக்காரன் எனக்குப் பக்கத்தில். எதிர்த் தூணில் சாய்ந்துகொண்டு அக்கா. இதில் ஒன்றுமே இல்லையே என்று கேட்காத ஆள் இல்லை. இங்கே ஒருத்தருடைய தலை பட்ட அடையாளம் இருந்தது, நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவன், கேட்காமல் எடுத்துவிட்டேன், மூன்று தடவை போகவில்லை, நாலாவது தடவைதான் போயிற்று என்று சொன்னேன். சிலர் என்னை முறைத்தார்கள். ஒரு கிழவர் வெள்ளைத் துணிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். எத்தனையாவது ஆளுக்குப் பிறகோ தெரியவில்லை, என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள் என்றாள்.

சாயங்காலம் ஆகும்போது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. ஒரு இளம் ஜோடி வந்து கேட்டது. கறை இருந்தது, ஊற வைத்தேன், போய்விட்டது என்று சுருக்கி முடித்தேன். எதிரில் அக்கா தூணிலிருந்து நிமிர்ந்தார். என் பேச்சு அவருக்குப் புரியாது. ஆனால் நாள் முழுக்கக் கேட்டதில் எது எங்கே வரும் என்று பிடிபட்டிருக்க வேண்டும். கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார்.

"நாலு தடவை" என்றேன் அந்த ஜோடியிடம். "மூணு தடவை போகல."

அக்கா கையை இறக்கிக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் அடுத்த ஆள் சீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.