பட்டுச்சேலையும் டாக்குசீரிஸும்

டாக்குசீரிஸ் என்றால் என்னவென்று யாரிடமும் கேட்காமலே மாரீஸ்வரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். சீரியல் என்றால் பட்டும் நகையும்தானே! கரிபிடித்த முறுக்குச் சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, அடுப்பை அணைத்து, கோலி என்கிற அந்த ஒற்றை அறை வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். தாராவியில் அந்தச் சந்தில் முதன்முதலில் முறுக்கு சுட்டவள் அவள். இருபது வருஷமாயிற்று. அது நாலு பேருக்குத் தெரியவேண்டாமா?

படமெடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கோலிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஜெபசெல்வி நைட்டியோடு, வியர்க்க விறுவிறுக்க முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். கேமரா அவள் விரலை விட்டு நகரவில்லை. மாரீஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஏன் தம்பி, நைட்டி போட்டவதான் ஒங்களுக்குக் கெடச்சாளா?" என்று வாசலில் நின்ற ரோஷனைப் பிடித்தாள். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பையன். படக்குழுவில் விவரம் சரிபார்ப்பவன்.

"ஆன்ட்டி, இது சீரியல் இல்ல, டாக்குசீரிஸ். நடிப்பே கிடையாது. நிஜமா நடக்கறத எடுத்து நாலஞ்சு எபிசோடா போடுவோம். யார் என்ன சொன்னாலும் விசாரிச்சு கன்ஃபர்ம் பண்ணணும்."

உள்ளே யாரோ, "உங்களுக்கு இதை யார் கத்துக்கொடுத்தாங்க?" என்று கேட்டார்கள்.

"மாரியக்காதான்" என்றாள் ஜெபசெல்வி. "கையப் புடிச்சுச் சொல்லித் தந்தாவ."

கேமரா திரும்பியது. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி" என்றான் ரோஷன்.

நேற்று வந்தவள் போடும் பிச்சையா இது? அவள் கதையில் இவள் தொட்டுக்க ஊறுகாயா? பொறாமை தலைக்கேறினால் நாக்கு யார் பேச்சைக் கேட்கும்!

"நான் ஒண்ணும் சொல்லித் தரல. அவ பொய் சொல்லுதா!"

ஜெபசெல்வியின் முகம் செத்துப்போயிற்று.

மூன்று மாதம் கழித்துத் தொடர் வந்தது. சந்தே செல்போனில் பார்த்தது. மாரீஸ்வரியின் பேர் எங்கேயும் இல்லை. 'தானாகவே தொழில் கற்றவர்' என்று ஜெபசெல்வியின் படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. மாரீஸ்வரி ரோஷனுக்குப் போன் போட்டாள்.

"நான் சொல்லித் தந்தேன்னு அவ சொன்னால்லா? அத ஏன் வெட்டுனிய?"

"நீங்கதானே இல்லன்னீங்க ஆன்ட்டி! நிஜம் இல்லாதத எப்படிப் போடறது?"

"நிஜந்தாம்பா! நான்தான் சொல்லித் தந்தேன்!" சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

அடுத்த கோலியிலிருந்து ஜெபசெல்வியின் குரல் வந்தது. "இத அன்னைக்குச் சொல்லிருந்தா என்னக்கா கொறஞ்சிருக்கும்?"