சயான் சிக்னலில் ஏறும் முள்

தனசீலனுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய வெள்ளைக் காருக்கு இருபத்தொன்று. அவர் சூடானால் கொஞ்ச நேரம் கத்திவிட்டு டீ கேட்பார். கார் சூடானால் சயான் சிக்னலிலேயே படுத்துவிடும்.

படுத்தால் வம்புதான். அவர் மனைவி ரோஸிக்கு வாரம் மூன்று நாள் மாட்டுங்காவில் டயாலிசிஸ். முடித்து வெளியே வரும்போது அவளுக்குத் தலை நிற்காது. ஆட்டோவுக்குச் சயானைத் தாண்டி நகரத்துக்குள் வர அனுமதி இல்லை. டாக்ஸிக்காரர்களோ வீடு செம்பூரில் என்றதும் கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருதரம் டாக்ஸிக்காக நின்று நின்று ரோட்டோரத்திலேயே மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து கார்தான். முன் சீட்டைச் சாய்த்துப் போட்டால் வீடு வரை கண்ணை மூடிக் கிடப்பாள்.

போன மாதம் கார் அப்படிப் படுத்தபோது தனசீலன் பொறுமையில்லாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவி அடித்து வலது கை வெந்துபோனது. அடுத்த டயாலிசிஸுக்குக் கட்டுப்போட்ட கையோடே ஓட்டினார். ரோஸி கண்ணை மூடாமல் வழியெல்லாம் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கைக் கட்டு பிரித்த பிறகுதான் இருவரும் தாராவியில் நாகூர் கனியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். கனி மேலப்பாளையத்துக்காரர். பதினைந்து வருஷமாக இந்தக் காருக்கு அவர்தான் வைத்தியர்.

"நிக்கும்போது சூடாவுதா அண்ணாச்சி, ஓடும்போதா?"

"நிக்கும்போதுதான் பாய். ஹைவேல ஏறிட்டா சூடு காட்டுற முள்ளு தன்னால எறங்கிரும்."

"அப்போ ஃபேன் சுத்தல. சோட்டா காம்தான், சின்ன வேல."

ஆறிப்போயிருந்த ரேடியேட்டரைத் திறந்து கனி உள்ளே விரலை விட்டார். வெளியே எடுத்த விரலைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தண்ணியில ஆயில் கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு போல. எஞ்சினப் பிரிக்கணும், மூணு வாரம் ஆவும். பழைய வண்டி, உள்ள இன்னும் என்னென்ன இருக்கோ. பேசாம பங்கார்ல, பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற பாருங்க."

மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ். தனசீலன் பயந்துபோனார். "நாளைக்கே இவள எப்பிடிப் பாய் கூட்டிட்டுப் போவேன்?" என்றபோது அவர் குரல் உடைந்தது.

அந்தக் குரலுக்காகவே கனி இன்னொரு தடவை பார்த்தார். ஆயில் குச்சியை உருவினார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்; அதுவோ சுத்தமாக இருந்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்; புகையிலும் வெள்ளை இல்லை. விரலை மோந்து பார்த்தார்.

"எஞ்சின் ஆயில் இல்ல அண்ணாச்சி இது. வாசனையால்லா இருக்கு?"

ஸ்டூலில் இருந்த ரோஸி எழுந்தாள். "நாந்தான் ஊத்துனேன். ஜெப எண்ணெய்."

சுனாபட்டியில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஊழியக்காரர் ஆலிவ் எண்ணெயை ஜெபித்துக் கொடுப்பார். நோயாளிகளுக்கு நெற்றியில் பூசுவார்கள். தனசீலனுக்கு இதெல்லாம் கேலி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதோடு அவர் பக்தி சரி.

"உனக்கு மூள கீள இருக்கா? ரேடியேட்டர்ல போயி ஊத்துவாளா ஒருத்தி!"

"வண்டிக்காவ ஊத்தல," என்றாள் ரோஸி. "நீங்க அந்த மூடியத் தொறக்கையில எனக்கு உசுரே இல்ல. நீங்க கை வைக்கிற எடம் ஒங்களச் சுடக்கூடாதுன்னுதான் ஊத்துனேன்."

தனசீலனுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அத எங்கையில பூசியிருக்கலாம்லா?"

"நீங்க விடமாட்டியளே."

கனி காதில் விழாதவர்போல் பேட்டரியிலிருந்து வயரை இழுத்து ஃபேனில் நேராகத் தொட்டார். ஃபேன் விர்ரென்று சுற்றியது.

"மோட்டார் நல்லாருக்கு, சூடானா ஃபேனச் சுத்தவிடுற சென்சார்தான் போச்சு. மாத்திருதேன். எண்ணெயப் பூரா அலசி, எண்ணெ பட்ட ரப்பர் ஹோஸையும் மாத்திட்டா சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிடலாம். அக்கா, இனிமே கூலண்ட் மட்டும் ஊத்துங்க."

தனசீலன் வெந்த தழும்போடு இருந்த கையை மனைவியிடம் நீட்டினார். "இப்பப் பூசு."

"எங்க இருக்கு? பூராத்தையும் வண்டிக்கு ஊத்திட்டேன்."

"அப்போ சும்மா கைய வச்சி ஜெபி."

அவள் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். அவர் கைக்காக ஜெபித்தாள், காருக்காக ஜெபித்தாள், கனி வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துவிட்டு ஆமென் என்றாள். தனசீலன் கையை எடுக்கவில்லை.

"ஒனக்குன்னு ஒண்ணும் கேக்கலியே ரோஸி?"

"அத நீங்க கேளுங்க."

வாய்விட்டு ஜெபித்து அவருக்குப் பழக்கமே இல்லை. சுற்றிலும் ஆட்கள் வேறு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"கர்த்தாவே, இவ எனக்கு வேணும்," என்றார்.