வெயிலில் மிஞ்சிய மணி

1961ஆம் ஆண்டு சித்திரையில், அளம்பில் கரையிலுள்ள அற்புதத்தின் வீட்டுக் கூரை ஓட்டையால் விழுந்த வெயில், சாணி மெழுகிய நிலத்தில் மணி மணியாகத் திரளத் தொடங்கியது. அந்தக் கிழமை நெத்தலிக்கு நல்ல விலை. ஓட்டையை வேய்ந்து தருவதாகச் சொல்லியிருந்த அவள் கணவன் கிறிஸ்தோப்பர் மாசியிலேயே வள்ளத்தோடு காணாமற் போயிருந்தார். ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. வெறும் சவப்பெட்டியை அடக்கம் செய்வது வழக்கமில்லை என்று மாதா கோயில் மூப்பர் சொல்லிவிட்டார். பெட்டிக்குள் வைக்க அவருடைய ஒரு நகமாவது கிடைக்காதா என்று அற்புதம் தினமும் கரையில் தேடினாள். வெயில் மணிகளைக் கையில் அள்ளியபோது அவற்றில் அவருடைய சுருட்டு மணத்தது. அதன்பிறகு அவள் கரைக்குப் போகவில்லை.

மணிகள் சோடியாகவே பிறந்தன. ஒன்று வலப்பக்கம் உருண்டால் மற்றது இடப்பக்கம் உருளும். இரண்டும் முட்டினால் மறுபடி வெயிலாகிவிடும். இதை முதலில் கவனித்தவர் முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு வாங்க வரும் பக்கீர். "வெயில்லை காய்ஞ்ச கருவாடு கண்டிருக்கிறன். வெயிலே காய்ஞ்சு கிடக்கிறதை இப்பதான் காணுறன்," என்று சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "சோடியைச் சேர விடாதேங்கோ, தங்கச்சி," என்றார். அவள் வலத்தை ஒரு பானையிலும் இடத்தை இன்னொரு பானையிலும் சேர்த்தாள். ஆவணிவரை வெயில் கொளுத்தியது, பானைகள் நிறைந்தன. புரட்டாசியில் வெக்கை தணிய, ஓட்டையால் வெறும் வெளிச்சம் மட்டுமே வந்தது.

பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய ஒரு பானை மணி போதும் என்றார் மூப்பர். அற்புதத்துக்கு மனம் ஒப்பவில்லை.

"பாதி மனிசனை எப்பிடி அடக்கம் செய்யிறது?"

நெத்தலியில் மண் புடைத்துப் பழகிய கை பக்கீர் சொன்னதை மறந்தது. இரண்டு பானைகளையும் சுளகில் கொட்டி ஒரே ஒரு தரம் புடைத்தாள். நடுப்பகலில் வீடு வெளுத்தது. ஐந்து மாத வெயிலும் ஒரே மூச்சில் கூரையால் வெளியேறியது. சுருட்டு மணமும் அதோடு போயிற்று. பொழுதுபடும்வரை அவள் வெறும் சுளகை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கீர் வந்து குனிந்து பார்த்தார். சுளகின் மூலையில் ஒரு மணி கிடந்தது.

"இது மட்டும் சோடியில்லாமல் பிறந்திருக்கு," என்றார். "ஏனெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி."

அந்த மணியைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். நாலு பேரால் தூக்க முடியாமல் ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். மூப்பர் வழமையான செபத்தைச் சொன்னார். மறுநாள் அற்புதம் தானே கூரையில் ஏறித் தென்னங்கிடுகு வைத்து ஓட்டையை அடைத்தாள். அந்த வருடம் மாரி நேரத்துக்கே வந்தது. வீடு ஒழுகவில்லை.